மாதிரிப் படகு கட்டுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

சிங்கப்பூர் ஆற்றோரம் மாலையில் நடப்பவர்கள் இன்றும் பம்போட்டுகளைப் பார்க்கலாம். முகப்பில் இரண்டு கண்கள், உள்ளே வரிசையாக இருக்கைகள், மேலே கூரை, கூரையின் ஓரத்தில் விளக்குகள். சுற்றுலாப் பயணிகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போகின்றனர். வீட்டில் ஒரு மாதிரிப் படகு கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு, இந்தப் படகையே அளந்து சிறிதாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும்.

அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. 1983-ஆம் ஆண்டுக்கு முன் அந்த ஆற்றை அடைத்துக்கொண்டு நின்ற படகுக்குக் கூரை இல்லை, இருக்கை இல்லை, அலங்கார விளக்கும் இல்லை. நடுவில் பெரிய சரக்குக் குழி, ஓரத்தில் பழைய டயர்கள், பின்பக்கம் ஆட்கள் ஒண்டிக்கொள்ள ஒரு சின்ன மறைப்பு, அவ்வளவுதான். அது சரக்கு ஏற்றுவதற்காகவே செய்யப்பட்ட மரப்படகு. வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அரிசி, ரப்பர், கொப்பரை, காப்பிக்கொட்டை, வாசனைப் பொருள்கள் என்று எல்லாவற்றையும் இறக்கி, போட் கீ, கிளார்க் கீ கிடங்குகளுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. திரும்பும்போது ஏற்றுமதிச் சரக்கோடு கப்பலுக்குப் போகும்.

1972-இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் செயல்படத் தொடங்கியதும் இந்தப் படகுகளின் காலம் முடியத் தொடங்கியது. 1977-இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டம் ஆரம்பமாகி, 1983-இல் படகுகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987-இல் தூய்மைப் பணி முடிந்தபோது ஆறு சுத்தமாக இருந்தது. ஆனால் காலியாகவும் இருந்தது. பிறகு திரும்பி வந்தவை சுற்றுலாவுக்காக மாற்றி அமைக்கப்பட்டவை. ஆகவே, கண்ணெதிரே மிதப்பதைப் பார்த்துக் கட்டுகிறவர் சுற்றுலாப் படகைக் கட்டுகிறார். அதில் தவறில்லை. ஆனால், அதன் அடியில் ‘1960-களின் சரக்குப் படகு’ என்று எழுதி வைத்தால்தான் தவறு.

எனவே மரத்தை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கட்டப்போவது எந்த ஆண்டின் படகு?

தொங்கானும் துவாக்கோவும்

நம்மவர்கள் அந்தக் காலத்தில் இவ்வகைப் படகுகளைப் பொதுவாகத் ‘தொங்கான்’ என்றே சொல்லி வந்தனர். தொங்காங் என்ற பெயர் தமிழ் நாவில் புரண்டு தொங்கான் ஆயிற்று. ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நுணுக்கமாகப் பார்த்தால் தொங்கான் பெரியது. பாய் விரித்துக் கடல் கடந்து விறகும் கரியும் ஏற்றி வந்தது. ஆற்றுக்குள் அதிகம் நடமாடியது ‘துவாக்கோ’ என்று சீனர்கள் அழைத்த சற்றுச் சிறிய வகை. ஆங்கிலப் பேச்சில் இரண்டும் லைட்டர் ஆகிவிடும், பின்னாளில் பம்போட் ஆகிவிடும். மாதிரி கட்டுபவருக்கு இந்தப் பெயர்க் குழப்பம் தொல்லைதான். பழைய படத்தின் அடியில் ‘தொங்கான்’ என்று இருந்தாலும், படத்தில் இருப்பது துவாக்கோவாக இருக்கலாம். பெயரை நம்பாமல் உருவத்தைப் பார்க்க வேண்டும்.

படகைக் கட்டிய தச்சர்கள் வரைபடம் போட்டுக் கட்டியவர்கள் அல்லர். கண்ணளவும் கையளவும்தான் அவர்களுடைய வரைபடம். நல்ல வேளையாக, பின்னாளில் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் இயக்குநரான கிப்சன்-ஹில் இந்த வட்டாரத்துப் படகுகளில் பித்துப் பிடித்தவர். தொங்கான்களையும் லைட்டர்களையும் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை, அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் 1952-இல் வெளிவந்தது. ஆற்றின் சமூக வரலாற்றை ஸ்டீபன் டாப்ஸ் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆற்றின் பழைய புகைப்படங்கள் ஏராளம். பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். அங்கே வாய்மொழி வரலாற்று நேர்காணல்களும் இருக்கின்றன.

புகைப்படம் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. படகை மட்டும் பார்க்கக்கூடாது. பக்கத்தில் நிற்கும் ஆளையும் பார்க்க வேண்டும். ஆளின் உயரம் ஏறத்தாழ ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டால், படகின் பக்கச்சுவர் அவர் இடுப்பு வரையா, மார்பு வரையா என்பது தெரிந்துவிடும். மூட்டை, டயர், ஆற்றங்கரைப் படி எல்லாமே அளவுகோல்தான். பாலமும் ஒரு சான்று. 1869-இல் கட்டிய கேவனா பாலம் தாழ்வானது. நீர் ஏறியிருக்கும் வேளையில் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல், நீர் வடியும் வரை காத்துக் கிடந்தன. ஆகவே ஆற்றுப் படகின் தோற்றம் தட்டையாக, தாழ்வாக இருக்க வேண்டும். மாதிரியில் உயரமான பாய்மரத்தை நட்டுவிட்டால் அந்தப் படகு பாலத்தைத் தாண்டி உள்ளே வந்திருக்கவே முடியாது.

இனி ஆண்டு. டயர் தொங்கினால் அது மோட்டார் வாகனங்கள் பெருகிய பின்வந்த படகு. பின்பக்கம் புகைபோக்கி இருந்தால் டீசல் இயந்திரம் வந்துவிட்டது என்று பொருள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் அவை பெருகின. அதற்கு முன் நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளினார்கள், பெரிய துடுப்பால் வலித்தார்கள். ஒரே படகில் கழியும் டயரும் இயந்திரமும் இருக்கலாம். பழையது போய்ப் புதியது வருவதற்கு இடையில் எல்லாமே சேர்ந்திருக்கும். ஆனால் 1890-ஆம் ஆண்டுப் படகில் லாரி டயர் தொங்கினால், ராஜராஜ சோழன் கையில் கடிகாரம் கட்டியது போலத்தான்.

சிறியதாக்கும் கணக்கு

மாதிரி கட்டுவதில் ‘1-க்கு 24’, ‘1-க்கு 48’ என்று பேசிக்கொள்வார்கள். அசலில் 24 செண்டிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 செண்டிமீட்டர் ஆகும் என்பது முதலாவதின் பொருள். 18 மீட்டர் நீளமுள்ள படகை எடுத்துக்கொண்டால், 1-க்கு 24 அளவில் 75 செண்டிமீட்டர் வரும். அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் வீட்டுக்காரம்மாவின் முகம் மாறக்கூடிய நீளம் இது. 1-க்கு 48 என்றால் முப்பத்தேழரை செண்டிமீட்டர். புத்தக அலமாரியில் அடங்கிவிடும். ஆனால், ஆள் மூன்றரை செண்டிமீட்டர்தான் இருப்பார். விரல், முகம், தலைப்பாகை எதையும் தெளிவாகச் செய்ய முடியாது. நுணுக்க வேலையில் ஆசை உள்ளவர்கள் பெரிய அளவையே எடுப்பது நல்லது. 1-க்கு 24-இல் ஆள் 7 செண்டிமீட்டர் உயரம் இருப்பார்; அவர் தோளில் ஒரு துண்டைப் போடலாம்.

நீளத்துக்குச் சொன்ன கணக்கு எடைக்குப் பொருந்தாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 24-இல் ஒரு பங்காகக் குறைவதால், கன அளவு 24 பெருக்கல் 24 பெருக்கல் 24, அதாவது 13,824-இல் ஒரு பங்காகிவிடும். சரக்கோடு சேர்த்து 50 டன் எடையுள்ள படகின் மாதிரி, அசலைப் போலவே நீரில் அமிழ்ந்து மிதக்க வேண்டுமானால் அதன் எடை சுமார் 3.6 கிலோ இருக்க வேண்டும். மெல்லிய மரத்தில் கட்டிய மாதிரியை வாளித் தண்ணீரில் விட்டால், வெறும் தக்கை போல் மேலே நின்று ஆடும். அடியில் ஈயக்குண்டுகளை வைத்துச் சரிக்கட்டுவது இதற்காகத்தான். அலமாரியில் வைப்பதற்கு எடை முக்கியமில்லை. ஆனால் நீர்க்கோடு எங்கே வரும் என்பது முக்கியம். மூட்டைகளை நிறைய அடுக்கிவிட்டு, நீர்க்கோட்டை மட்டும் காலிப் படகுக்கு உரிய இடத்தில் போட்டால், விவரம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

ஏராவும் வங்கும் பலகையும்

படகின் முதுகெலும்பு ஏரா. தமிழ்நாட்டுக் கடற்கரைத் தச்சர்களின் சொல் இது. ஏராவிலிருந்து இரு பக்கமும் விலா எலும்பு போல் எழுவது வங்கு. முன்முனை அணியம், பின்முனை அமரம். மாதிரியில் ஏராவை 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரே துண்டாக வெட்டலாம். அதில் இடைவெளி விட்டுப் பிளவுகள் போட்டு, படகின் குறுக்குத் தோற்றத்தைக் காட்டும் ஏழெட்டுத் தட்டுகளைச் செருக வேண்டும். துவாக்கோவின் வயிறு அகலம், அடி தட்டை. நடுத் தட்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வேலை முழுவதும் முன்னும் பின்னும் உள்ள தட்டுகளில்தான்.

அடுத்தது பலகை. ஆரம்பக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மெல்லிய மரக்கீற்றுகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும். துணி காயப்போடும் கவ்விகளே பிடிமானத்துக்குப் போதும். கடையில் விலை கொடுத்து வாங்கும் கவ்விகள் தேவையில்லை. ஒரு பக்கத்தை முழுவதும் ஒட்டி முடித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. காயும்போது மரம் இழுக்கும். படகு வாழைப்பழம் போல் ஒரு பக்கமாக வளைந்துவிடும். வலப்பக்கம் ஒரு கீற்று, இடப்பக்கம் ஒரு கீற்று என்று மாறி மாறித்தான் ஒட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. படகின் நடுவில் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஒரே அகலமுள்ள கீற்றுகளை வைத்துக்கொண்டே போனால் முனையில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு கீற்றையும் முனை நோக்கிச் சீவிச் சிறுத்துக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு சீவுவது என்பதை, நடுத் தட்டின் விளிம்பையும் முனைத் தட்டின் விளிம்பையும் காகிதப் பட்டையால் அளந்து, கீற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். பொறுமை இல்லாதவர்கள் மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து இடுக்குகளில் அப்பிவிடுவார்கள். சிறிய இடுக்குக்கு அது சரி. பெரிய தவற்றை அது மறைக்காது.

நம் ஊர் ஈரக்காற்றையும் நினைவில் வைக்க வேண்டும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், குளிரூட்டி ஓடும் அறையில் சுருங்கும். உள்பக்கத்திலும் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து வைத்தால், ஓராண்டுக்குப் பிறகு பலகைகளுக்கு நடுவே விரிசல் எட்டிப் பார்க்காது.

அசல் படகு செங்கால் போன்ற கெட்டி மரத்தில் செய்தது என்பதற்காக, மாதிரிக்கும் அந்த மரத்தையே தேடி அலைபவர்கள் இருக்கின்றனர். ஆர்வம் மெச்சத்தக்கது, பலன் நேர்மாறானது. மரத்தின் ரேகையை 24 மடங்கு சிறியதாக்க முடியாது. அசல் மரத்தின் ஒரு ரேகை மாதிரிப் பலகையின் பாதி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். ரேகை தெரியாத பாஸ்வுட் போன்ற மரத்துக்குச் சாயம் ஏற்றினால்தான் அது செங்கால் போலத் தோன்றும்.

நுணுக்கம் என்பது எது?

மாதிரி கட்டுவோரிடையே நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு: எவ்வளவு சின்னச் சின்னப் பொருள்களை ஒட்டுகிறோமோ அவ்வளவுக்கு நுணுக்கம் என்று. ஆணியை எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் பித்தளைக் குண்டூசியின் தலை ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அதைப் பலகையில் வரிசையாக அடித்தால் அழகாக மின்னும். ஆனால் 24-ஆல் பெருக்கிப் பாருங்கள். அசல் படகில் 36 மில்லிமீட்டர் தலையுள்ள ஆணிகள் புடைத்துக்கொண்டு நிற்பதாக ஆகும். ஏறக்குறைய இடியாப்ப உழக்கின் வில்லை அளவு! அப்படி எந்தத் தச்சரும் அடித்திருக்கமாட்டார். அங்கே ஆணித்தலை வேண்டுமென்றால், பென்சில் முனையால் ஒரு புள்ளி வைப்பதே போதும். பல நேரங்களில் அதையும் வைக்காமல் விடுவது நல்லது.

சாயத்துக்கும் இதே கணக்கு. தூரிகையால் கெட்டியாகப் பூசினால் ஏற்படும் பத்தில் ஒரு மில்லிமீட்டர்த் தடிப்பு, அசல் அளவில் 2.4 மில்லிமீட்டர். பலகைக்குப் பலகை இடையே உள்ள கோட்டையே அது மூடிவிடும். ஆக்ரிலிக் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, ஐந்தாறு முறை மெல்லியதாகப் பூச வேண்டும். பளபளப்புக் கூடாது. சுத்தக் கறுப்பும் கூடாது. தூரத்தில் நிற்கும் பொருளின் நிறத்தைக் காற்று சற்றே வெளிற வைக்கும். சிறிய மாதிரியைப் பார்க்கும் கண்ணும் அதையே எதிர்பார்க்கிறது. கறுப்பில் துளி சாம்பல் நிறம் கலந்தால் படகு உடனே பெரியதாகத் தெரியும். செய்து பார்க்காதவர்களுக்கு இது நம்பக் கடினம்.

கயிறு இன்னொரு சோதனை. 24 மில்லிமீட்டர்க் கயிற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நூல் என்பது சுலபமான கணக்கு. ஆனால் தையல் நூலில் பஞ்சு பிசிர் நிற்கும். அசல் அளவில் அது விரல் நீளத் தாடியாகிவிடும். தேன்மெழுகில் நூலை இரண்டு முறை இழுத்தால் பிசிர் அடங்கும். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அசல் கயிறு தன் எடையால் தொய்ந்து தொங்கும். நூலுக்கு எடை கிடையாது. நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து, தொய்வை ஊசியால் பிடித்துக் காயவைக்க வேண்டும்.

மூட்டைகளில்தான் கட்டுபவரின் கண் தெரியும். அரிசி மூட்டை செங்கல் போல் நேர்க்கோட்டில் நிற்காது. அடியில் உள்ளது நசுங்கும், மேலே உள்ளது பக்கத்து மூட்டையின் மேல் சரியும், ஓரத்தில் கொம்பு போல் இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். களிமண்ணில் உருட்டி, பிசைபதம் மாறுவதற்குள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அழுத்திவிட்டு, பிறகு தனித்தனியாகப் பிரித்துச் சாயம் பூசலாம். கோணிப்பை போலத் தெரிய வேண்டும் என்று கைக்குட்டைத் துணியால் சுற்றுவது உதவாது. அந்த நெசவே 1-க்கு 24-க்கு மிகவும் பெரிது. பசையில் நனைத்த மெல்லிய திசுத்தாள் போதும்.

தேய்மானம்தான் எல்லாவற்றிலும் ருசியான பகுதி. சாயத்தை உப்புத்தாளால் அங்கங்கே தேய்த்துவிட்டுப் ‘பழசாக்கிவிட்டேன்’ என்று பலர் மகிழ்கின்றனர். எந்த வேலை எந்த இடத்தைத் தேய்க்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒற்றைப் பலகைதான் பாலம். முதுகில் மூட்டையோடு கூலியாட்கள் அதன் மேல் ஓடுவார்கள். பலகை வில்லாக வளைந்து எழும்பும். அந்தப் பலகை படகின் விளிம்பில் உட்காரும் இடத்தில் சாயம் முதலில் போகும். பிறகு மரமே குழியும். ஆற்றில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியே அக்கரை போய்விடலாம் என்று அந்தக் கால ஆட்கள் சொல்வார்கள். ஆகவே பக்கவாட்டுச் சுவரின் நடுப்பகுதி உரசி உரசி வெளுத்திருக்கும். கழியால் தள்ளுகிறவர் நடந்த ஓரப்பலகை வழவழப்பாக இருக்கும். யாரும் தொடாத அணியத்தின் மேற்பகுதியில் மட்டும் சாயம் புதிதாக நிற்கும். இவற்றைச் சரியாகச் செய்துவிட்டால் பொம்மை ஆள் ஒருவரைக்கூட நிறுத்த வேண்டியதில்லை. ஆட்கள் வேலை செய்த படகு என்பது தானே தெரியும்.

கூலியாள் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மூங்கில் குச்சி வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஆற்றங்கரையில் இருந்தது. நாள் முடிவில் குச்சிகளை எண்ணித்தான் கூலி. 1-க்கு 24-இல் அந்தக் குச்சி ஒரு செண்டிமீட்டர் இருந்தால் அதிகம். பல்குத்தும் குச்சியைச் சீவி நான்கைந்தைக் கணக்கர் பக்கத்தில் ஒரு டின்னில் போட்டு வைத்தால், பார்க்கிறவர் ‘இது என்ன?’ என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு கண். சீனப் படகுக்குக் கண் இருந்தால்தான் வழியும் ஆபத்தும் அதற்குத் தெரியும் என்பது நம்பிக்கை. மீன்பிடிப் படகின் கண் மீனைத் தேடிக் கீழ்நோக்கியும், சரக்குப் படகின் கண் வழியைத் தேடி முன்நோக்கியும் இருக்கும் என்பார்கள். கருமணியை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் படகின் முகபாவமே மாறிவிடும். சில மாதிரிகள் திடுக்கிட்டு விழிப்பது போல் இருப்பதற்குக் காரணம் இதுதான். நேரடியாக மரத்தில் வரையாமல், காகித வட்டத்தில் நான்கைந்து கண்களை வரைந்து, ஒட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பிழைக்கும் வழி. இடதும் வலதும் ஜோடியாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவசரத்தில் இரண்டு இடது கண் வைத்தவர்களும் உண்டு.

சூலியாக்களின் படகு

தமிழர் ஒருவர் இந்த ஆற்றுப் படகைக் கட்ட உட்காரும்போது, அவருக்கு வேறொரு கேள்வியும் வராமல் போகாது. சீனர்கள் கைக்கு வருவதற்கு முன் இந்தத் தொழில் யார் கையில் இருந்தது?

1819-க்குப் பிந்தைய முதல் சில பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றின் சரக்குப் படகுத் தொழிலில் மேலோங்கியிருந்தவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். ராஃபிள்ஸின் திட்டப்படி 1822-இல் வரையப்பட்டு 1828-இல் அச்சான நகர வரைபடத்தில், ஆற்றின் மேற்பகுதியில் சூலியா கம்போங் குறிக்கப்பட்டிருக்கிறது. படகு இருந்த இடத்தில்தானே படகோட்டியும் இருப்பார்! 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொழில் படிப்படியாக ஹொக்கியன், தியோச்சூ சீனர்களிடம் போய்ச் சேர்ந்தது.

சூலியாக்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல் சௌத் பிரிட்ஜ் சாலையில் நிற்கிறது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா தெலுக் ஆயர் தெருவில் நிற்கிறது. தெருப்பெயரில் சூலியா இருக்கிறது. இல்லாதது அவர்களுடைய படகு மட்டும்தான்.

அதை மாதிரியாகக் கட்ட முடியுமா? முடியும். ஆனால் துவாக்கோவைக் கட்டிவிட்டு, கண்ணை அழித்து, தலைப்பாகை வைத்த ஆளை நிறுத்திச் ‘சூலியா படகு’ என்று பெயர் வைப்பதல்ல அது. புகைப்படக் கலை இங்கு வேரூன்றுவதற்கு முந்தைய காலம் அது. கிடைப்பவை ஓவியங்கள்தான். 1840-களில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் நகரின் காட்சிகளைத் தீட்டி வைத்திருக்கிறார். நில அளவைக்காரரின் கை என்பதால் நம்பிக்கையோடு பார்க்கலாம். என்றாலும், பரந்த காட்சியில் படகு ஒரு விரல்நகம் அளவுதான் இருக்கும். உருவத்தின் வெளிக்கோடு கிடைக்கும். பலகை எத்தனை, வங்கு எத்தனை என்பது கிடைக்காது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துத் தோணிகளின் அமைப்பிலிருந்து சிலவற்றை ஊகிக்கலாம். ஆனால் அங்கிருந்து வந்தவர்கள் இங்கே உள்ளூர்த் தச்சரிடம் படகு வாங்கியிருந்தால் அந்த ஊகமும் ஆட்டம் கண்டுவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் நுணுக்கம் கூடக்கூடப் பொய்யும் கூடுகிறது. தெரியாத இடத்தில் ஆணி, கயிறு, கொக்கி என்று நிரப்பிவிட்டால், பார்க்கிறவர் அத்தனையும் ஆதாரத்தோடு செய்ததாகவே எண்ணிக்கொள்வார். மாதிரியைப் பார்த்து ஒரு மாணவர் படம் வரைவார். அந்தப் படம் ஒரு விழா மலரில் வரும். பத்தாண்டில் அது ‘வரலாறு’ ஆகிவிடும். முன்னோரின் படகைப் பெருமையோடு கட்ட நினைப்பவர், அதை வெளிக்கோட்டளவில் சாயம் பூசாத மரத்தில் எளிமையாகக் கட்டி நிறுத்துவதே நேர்மை. பக்கத்தில் 1960-களின் துவாக்கோவை முழு அலங்காரத்தோடு வைக்கலாம். ஒன்று நிறைவாகத் தெரிந்தது, இன்னொன்று பாதி தெரிந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

துவாக்கோவுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அந்தப் படகுகளில் ஏறி இறங்கியவர்கள், கிடங்கில் கணக்கெழுதியவர்கள், கரையில் காப்பிக் கடை நடத்தியவர்கள் சிலர் எழுபது, எண்பது வயதில் இன்றும் நம்மிடையே உள்ளனர். கறுப்பு வெள்ளைப் படத்தை அவர்கள் முன் வைத்துக் கேட்கலாம். ‘தாத்தா, இந்த இடம் என்ன நிறம்?’ என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. ‘இங்கே என்ன செய்வீங்க?’ என்று கேட்டால், சமைத்த அடுப்பு, துணி காயப்போட்ட கயிறு, ரப்பரின் நாற்றம் என்று ஒவ்வொன்றாக வரும். நிறமும் அதனூடே வந்துவிடும். இருவர் இரண்டு நிறம் சொன்னால் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படகுக்குப் படகு நிறம் மாறியிருக்கலாம்.

கடைசி வேலை அடிப்பலகையில் ஒட்டும் பெயர்ச்சீட்டு. பெரும்பாலோர் படகின் பெயரையும் தம் பெயரையும் போட்டு முடித்துவிடுகின்றனர். இன்னும் நான்கு வரிக்கு இடம் விடலாம். அளவு: 1-க்கு 24. காலம்: 1960-கள். உருவம்: புகைப்படங்களைப் பார்த்து. அணியத்தின் கண்: புகைப்படத்தைப் பார்த்து. பக்கவாட்டு நிறம்: ஆற்றில் வேலை செய்த பெரியவர் ஒருவர் சொன்னபடி. சரக்குக் குழியின் உள்ளமைப்பு: ஊகம்.